புதையற் புதினங்களும் ஓப்பீர்ப் பொன்னும்

ஐந்து சில்லிங்குப் பந்தயம் ஒன்றிலிருந்து ஓர் ஆங்கிலப் புதினம் பிறந்தது. வழக்கறிஞர் தொழிலில் அப்போதுதான் அடியெடுத்து வைத்திருந்த எச். ரைடர் ஹாகார்ட் என்னும் இளைஞர், இராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' ஊரார் புகழும் அளவுக்கு அரிய நூலன்று என்று தம் உடன்பிறந்தார் ஒருவரிடம் கூறினாராம். அந்நூலிற் பாதியளவு சிறப்புடைய கதையையேனும் எழுதிக் காட்டுமாறு அவர் அறைகூவ, ஹாகார்ட் ஏறத்தாழ ஆறு வாரத்தில் ஒரு கதையை எழுதி முடித்தார். 1885ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த அக்கதையே 'சாலமன் மன்னனின் சுரங்கங்கள்'. முதல் ஓராண்டில் மட்டும் 31,000 படிகள் விற்றன. பள்ளி மாணவர்க்கெனச் சுருக்கப்பட்ட பதிப்புகளின் வாயிலாக அது பின்னர் ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட நாடுகளில் எல்லாம் பரவியது.

புதையலைப் பற்றிய பேச்சு தமிழர்க்குப் புதிதன்று. பாடலிபுரத்து நந்தர் கங்கை நீரின் அடியில் மறைத்துவைத்த பெருநிதியை அகநானூற்றிலே மாமூலனார் குறிப்பிடுகிறார். ஆனால் அவர் நிதியைத் தேடிப் போவோனுடன் போகவில்லை; பொருள்வயிற் பிரிந்தவனை எண்ணி வீட்டிலே வாடுபவளின் பக்கத்தில் நின்று பாடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் புதினம் மறுபக்கத்தில் நின்றது. தேடுவோன் கையில் இருக்கும் ஓலையையும் படத்தையும் மறைமொழியையும் படிப்பவன் கையிலேயே அது கொடுத்துவிட்டது. புதையல் எங்கே உள்ளது என்னும் வினா நூலின் முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடுவரை படிப்பவனை இழுத்துச் சென்றது. அப்புதையல் யாருடையது என்னும் வினாவோ பெரும்பாலும் எழவே இல்லை. எழுந்த இடங்கள் சில உண்டு. எழாமற் போனதால், கதைக்கு வெளியே, உண்மையான மண்ணில் விளைந்த கேடும் ஒன்று உண்டு. இவ்வகைப் புதினத்தின் வரலாற்றில் கருதத்தக்க பகுதி அதுவே.

வண்டும் மறைமொழியும்

இவ்வகைக் கதைக்கு வழிகாட்டியவர் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ. அவருடைய 'பொன் வண்டு' 1843ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்து இதழ் ஒன்று நடத்திய போட்டியில் 100 டாலர் பரிசு பெற்று வெளிவந்தது. அளவால் அது சிறுகதையே. ஆயினும் பின்வந்த புதினங்களுக்கு வேண்டிய கருவிகள் யாவும் அதில் உள்ளன. கடற்கரையில் கிடைக்கும் பழந்தோல் துண்டு ஒன்று. நெருப்பில் காட்டினால் மட்டுமே தெரியும் எழுத்து. எண்களும் குறிகளுமாக அமைந்த மறைமொழி. மரத்தின் உச்சியில் அறையப்பட்ட மண்டை ஓடு. அதன் கண்குழி வழியே நூலிற் கட்டி இறக்கப்படும் வண்டு. வலக்கண்ணையும் இடக்கண்ணையும் மாற்றிக்கொண்டதால் முதலில் தோண்டிய இடத்தில் ஒன்றும் கிடைப்பதில்லை. அளவைத் திருத்தி மீண்டும் தோண்டும்போதுதான் பேழை வெளிப்படுகிறது.

கதையின் உயிர்நாடி பேழையன்று, மறைமொழியை அவிழ்க்கும் முறையே. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்து 'ஈ'. ஆகவே மறைமொழியில் மிகுதியாக வரும் குறி அவ்வெழுத்தாக இருத்தல் வேண்டும் என்று தொடங்கி, ஒவ்வோர் எழுத்தாகக் கதைத்தலைவன் கண்டறிகிறான். போ அதற்கு முன்பே இதழ் வாயிலாக வாசகரிடமிருந்து மறைமொழிகளை வரவழைத்து அவிழ்த்துக் காட்டியவர். ஆகவே அவருக்கு இது கைவந்த கலை. உயிரும் மெய்யும் கூடி ஓர் எழுத்தாகும் தமிழில் இம்முறை அப்படியே செல்லாது. குறிகளின் தொகையே பெருகிவிடும். புள்ளி பெற்ற எழுத்துகள் சொல்லின் எவ்விடத்தில் வரலாம், எவ்விடத்தில் வாரா என்னும் இலக்கண விதியைக் கொண்டே தொடங்க வேண்டியிருக்கும். மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இஃது ஒரு நல்ல பயிற்சியாகலாம்.

போவின் கதையில் ஒரு குறையும் உண்டு. விடுதலை பெற்ற அடிமையாகிய ஜூபிட்டர் என்னும் கருப்பரை அவர் நகைப்புக்கு உரியவராகவே படைத்திருக்கிறார். அப்பகுதிகளை இக்காலத்தில் கூசாமற் படிக்க இயலாது.

கதையில் வரும் புதையல் கப்பல் தலைவன் வில்லியம் கிட் மறைத்தது. கிட் கற்பனை மாந்தனல்லன். கடற்கொள்ளைக்காகவும் கொலைக்காகவும் 1701ஆம் ஆண்டில் இலண்டனில் தூக்கிலிடப்பட்டவன். அவன் கைப்பற்றிய பொருள்களில் பெரியது எங்கிருந்து வந்தது என்பதை அவனைப் பற்றிய கதைகள் அவ்வளவாகச் சொல்லுவதில்லை. 1698ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கொச்சிக்கு அப்பாலுள்ள கடலில் அவன் பிடித்த வணிகக் கப்பல் அது. துணியும் பட்டும் சர்க்கரையும் ஏற்றிய அக்கப்பலின் பெயர் 'குவெடா மெர்ச்சன்ட்'. கெடாவை ஆங்கிலேயர் அக்காலத்தில் எழுதிய முறையை நோக்கின், நம் பழைய கடாரத்தின் பெயரையே அது தாங்கியிருந்ததாகத் தோன்றுகிறது. அமெரிக்கக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகத் தேடப்பட்ட புதையலின் வேர் இந்தியப் பெருங்கடலின் வாணிகத்தில் இருந்தது. வணிகரின் சரக்கு கொள்ளையனின் கைக்குப் போயிற்று. கொள்ளையனிடமிருந்து கதைக்குப் போகும்போது வணிகர் மறைந்துவிட்டனர்.

வெறுங்குழி

ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' பிறந்ததும் ஒரு விளையாட்டிலேதான். 1881ஆம் ஆண்டுக் கோடையின் முடிவில் ஸ்காட்லாந்தின் பிரேமார் என்னும் ஊரில் அவர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஓயாத மழை. மனைவியின் முதல் மணத்து மகனாகிய லாயிட் வண்ணப்பெட்டியோடு பொழுதுபோக்கிக்கொண்டிருந்தான். அங்கே ஒரு தீவின் படம் உருவாயிற்று. தாமே வரைந்ததாக ஸ்டீவன்சன் பின்னாளில் எழுதினார். தாம் வரையத் தொடங்கியதாக லாயிட் எழுதினார். யார் வரைந்திருந்தாலும் படம் முதலில், கதை அடுத்து என்பதில் ஐயமில்லை. மலைக்கும் துறைக்கும் பெயரிட்டு மூன்று சிவப்புக் குறிகளை இட்டவுடன், அப்பெயர்களுக்கு இடையே மாந்தர் நடமாடத் தொடங்கினர். நாளுக்கு ஓர் இயலாகப் பதினைந்து இயல்கள் எழுந்தன. பிறகு ஊற்று வற்றியது. எஞ்சிய பகுதியைச் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் குளிர்காலத்தின்போது எழுதி முடித்தார்.

அக்கதை 'இளையோர்' என்னும் பொருள்படும் பெயருடைய வார இதழில் 1881 அக்டோபர் முதல் 1882 சனவரி வரை புனைபெயரில் தொடராக வந்தது. அப்போது அதைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1883ஆம் ஆண்டு நவம்பரில் கேசல் நிறுவனத்தார் நூலாக்கிய பின்னரே அதற்குப் புகழ் வந்தது. அதிலும் ஓர் இடையூறு. பதிப்பகத்துக்கு அனுப்பிய படம் வழியிலேயே தொலைந்துபோயிற்று. படத்திலிருந்து கதையை எழுதியவர், இப்போது கதையிலிருந்து படத்தை எழுத வேண்டியவரானார். ஒவ்வோர் ஏடாகப் புரட்டி, தூரமும் திசையும் குறித்து, தந்தையாரின் அலுவலகத்தில் அமர்ந்து அதனை மீண்டும் உருவாக்கினார். கலங்கரை விளக்கங்கள் கட்டுவதில் பெயர்பெற்ற பொறியாளராகிய தந்தையாரும் கொள்ளையன் பிளின்ட்டின் கையொப்பத்தை இட்டு அவ்விளையாட்டில் சேர்ந்துகொண்டார். இரண்டாம் படம் ஸ்டீவன்சனுக்கு மனநிறைவு தரவில்லை. தம் கதைக்குப் பிறரிடம் பட்ட கடனையும் அவர் மறைத்தாரல்லர். கிளி இராபின்சன் குரூசோவினிடமிருந்து பறந்து வந்தது என்றும், திசைகாட்டும் எலும்புக்கூடு போவினிடமிருந்து வந்தது என்றும் தாமே ஒப்புக்கொண்டார்.

இக்கதையைச் சிறுவயதில் படித்தோர் பலர் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. உலகப் புகழ்பெற்ற அப்படம் வெறுங்குழிக்கே வழிகாட்டுகிறது. படத்தின்படி நடந்து, எலும்புக்கூடு காட்டும் திசையில் திரும்பி, உயர்ந்த மரத்தடியை அடையும் கொள்ளையர் காண்பது முன்பே தோண்டப்பட்ட பள்ளத்தை. ஒடிந்த கடப்பாரைப் பிடியும் சிதறிய பலகைகளுமே எஞ்சியிருக்கின்றன. தீவில் தனியே விடப்பட்ட பென் கன் என்பவன் எழுநூறாயிரம் பவுன் மதிப்புள்ள பொன்னை நெடுநாட்களுக்கு முன்பே தன் குகைக்குச் சுமந்து சென்றுவிட்டான். மருத்துவர் லிவ்சி அப்படத்தைச் சில்வரிடம் தயங்காமற் கொடுத்ததன் கரணியம் அதுவே. அது பயனற்ற தாள் என்பதை அவர் அறிவார், கொள்ளையர் அறியார், படிப்பவனும் அறியான். மூன்று சிவப்புக் குறிகளை நம்பி நூல் முழுதும் உடன்வந்த வாசகன் கொள்ளையரோடு சேர்ந்து குழியில் இறங்கி ஏமாறுகிறான். படத்தை நம்பாதே என்று சொல்லும் இந்நூலே பின்வந்த படக்கதைகள் அனைத்துக்கும் தாயானது வியப்பு. பிளின்ட் புதைத்த வெள்ளி இன்னும் தீவிலேயே கிடக்கிறது என்பதோடு ஜிம் தன் கதையை முடிக்கிறான். எத்தனை பவுன் கொடுத்தாலும் அங்கே மீளப் போக அவனுக்கு விருப்பமில்லை.

ஆனால் அப்பொன் யாருடையது? எத்தனையோ கப்பல்களை மூழ்கடித்துச் சேர்த்தது என்று ஜிம் ஒரு நொடி எண்ணிப் பார்க்கிறான். எண்ணிய பிறகு நாணயங்களை வகைவகையாகப் பிரிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. பல நாட்டு அரசர்களின் தலை பொறித்த நாணயங்களோடு, கீழ்நாட்டு நாணயங்களும் அங்கே குவிகின்றன. அவற்றைப் பிரிப்பதில் அவனுக்குப் பெருமகிழ்ச்சி.

அவ்வினாவை நேருக்கு நேர் கேட்ட புதினம் ஸ்டீவன்சனுக்கு முன்பே வந்துவிட்டது. 1868ஆம் ஆண்டில் வெளிவந்த வில்கி காலின்சின் 'சந்திரகாந்தக் கல்', 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலப் படைத்தலைவன் ஒருவன் கொலை செய்து கவர்ந்த வைரத்தைப் பற்றியது. கல்லைத் தேடி இங்கிலாந்துக்கு வரும் மூன்று பிராமணரை அங்குள்ளோர் திருடரென்றே ஐயுறுகின்றனர். முடிவில்தான் உண்மை தெரிகிறது: திருடப்பட்டதை மீட்க வந்தவர் அவர்கள். கடல் கடந்ததால் தம் குலநிலையையே இழக்கத் துணிந்தவர். வைரம் மீண்டும் திங்கட் கடவுளின் நெற்றிக்கே போய்ச் சேர்கிறது. கதைத்தலைவி அதை இழந்ததற்காகக் காலின்ஸ் கண்ணீர் விடவில்லை. கானன் டாயிலின் 'நால்வர் குறி' 1890ஆம் ஆண்டில் ஆக்ரா நகரத்துப் பேழையை இலண்டனுக்குக் கொணர்ந்தது. ஆனால் அணிகள் தேம்ஸ் ஆற்றில் வீசப்பட்டன. யாருக்கும் கிடைக்காமற் செய்து டாயில் அச்சிக்கலினின்று தப்பித்துக்கொண்டார்.

குருதியால் எழுதிய படம்

ஹாகார்ட் பத்தொன்பது வயதில், 1875ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அரசு அலுவலராகச் சென்றவர். சூலு மக்களின் போர்முறையையும் பேச்சையும் அங்கே அறிந்தார். கிம்பர்லி வைரச் சுரங்கங்கள் உலகோரின் பேராசையைத் தூண்டிய காலம் அது. இவ்விரண்டையும் ஸ்டீவன்சனின் படத்தோடு சேர்த்தார். 'சாலமன் மன்னனின் சுரங்கங்கள்' உருவாயிற்று. 1590ஆம் ஆண்டில் பனிமலைக் குகையில் இறந்துகொண்டிருந்த போர்ச்சுகீசியன் ஒருவன், தன் உடையின் கந்தலில் தன் குருதியாலேயே வரைந்த படம் ஆலன் குவாட்டர்மெயின் என்னும் வேட்டைக்காரரிடம் வந்துசேர்கிறது. காணாமற்போன தம்பியைத் தேடும் ஒரு பெருமகன், கடற்படை அலுவலர் ஒருவர், உம்போபா என்னும் பணியாள் ஆகியோருடன் பாலையையும் இரட்டை மலைகளையும் கடந்து சாலமனின் வைர அறையை அடைகிறார். அங்கே மூதாட்டி காகூல் கல்கதவை வீழ்த்திவிட, உணவும் ஒளியுமின்றி வைரக் குவியலின் நடுவே மூவரும் அடைபடுகின்றனர். தப்பி வெளியேறும்போது குவாட்டர்மெயின் சட்டைப்பைகளில் அடைத்துக்கொண்ட கற்களே பெருஞ்செல்வமாகின்றன.

பதிப்பகத்தார் மொத்த உரிமைக்கு 100 பவுனும், அல்லாவிடில் விற்பனையில் பத்தில் ஒரு பங்கும் தர முன்வந்தனர். ரொக்கத்தையே கொள்ள ஹாகார்ட் எண்ணியபோது, அங்கிருந்த எழுத்தர் ஒருவர் பங்கையே கொள்ளுமாறு மெல்லச் சொன்னாராம். அவர் சொற்கேட்டது நல்லதாயிற்று. கதையில் வந்த சுரங்கத்தைவிட நூலே ஹாகார்ட்டுக்கு உண்மையான சுரங்கமாயிற்று. விரைந்து எழுதியதன் தழும்பும் நூலில் உண்டு. முதற்பதிப்பில் முழுநிலவு நாளை அடுத்தே ஞாயிறு மறைப்பு நிகழ்ந்தது! ஞாயிறு மறைவது மறைமதி நாளில் மட்டுமே என்பதை உணர்ந்தபின், பிற்பதிப்புகளில் அதைத் திங்கள் மறைப்பாக மாற்றினார்.

இக்கதையிலும் அவ்வினா ஒருமுறை எழுகிறது. பணியாளாக வந்த உம்போபாவே அந்நாட்டின் உரிமை மன்னன் இக்னோசி. விடைபெறும் நண்பரிடம் அவன் சொல்லுவது, பொன்னையும் மணியையும் தேடி வேறெந்த வெள்ளையரும் இனி அம்மலைகளைக் கடக்கலாகாது என்பது. துப்பாக்கியும் மதுவும் கொண்டுவரும் வணிகர்க்கும் இடமில்லை. ஹாகார்ட் 1877ஆம் ஆண்டில் டிரான்ஸ்வால் நாடு பிரிட்டிஷ் ஆட்சியுடன் இணைக்கப்பட்டபோது அங்கே கொடியேற்றியவர். அவர் எழுதுகோலிலிருந்தே இவ்வுரை வந்தது என்பது எண்ணத்தக்கது. ஆயினும் நூலின் மற்றொரு கூறு இவ்வுரையை விழுங்கிவிட்டது. மலையைக் குடைந்த பெருஞ்சாலையும் மாபெருஞ்சிலைகளும் ஆப்பிரிக்கர் செய்தன அல்ல, பழங்காலத்துப் பினீசியரோ சாலமனின் ஆட்களோ செய்தவை என்றே குவாட்டர்மெயின் கருதுகிறார். அந்நாட்டு மக்கள் அவற்றின் காவலரே, படைத்தவர் அல்லர். கதையில் இது சிறு குறிப்பு. கதைக்கு வெளியே இது சிறு குறிப்பாக நிற்கவில்லை.

துகியும் தோகையும்

சாலமனின் பொன் எங்கிருந்து வந்தது? விவிலியத்தின் அரசர் நூல், ஓப்பீர் என்னும் நாட்டிலிருந்து 420 தாலந்து பொன் கப்பலில் வந்ததாகக் கூறுகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்த கப்பல்கள் பொன்னும் வெள்ளியும் யானைத் தந்தமும் குரங்கும் மயிலும் கொணர்ந்தன என்று மற்றோரிடத்தில் வருகிறது. ஓப்பீர் எவ்விடத்தது என்று நூல் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றைத் தேடி ஈராயிரம் ஆண்டாகப் படம் வரைந்தோர் பலர்.

முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் யோசிபசு, அது பொன் தீபகற்பம் என்றும் இந்தியாவைச் சேர்ந்தது என்றும் எழுதினார். கிரேக்க நிலநூலார் அப்பெயரால் குறித்தது மலாய்த் தீபகற்பம் என்பதே பெரும்பாலோர் கொள்கை. அதனாலேயே மலாக்காவிலிருந்து தெரியும் குனோங் லேடாங் மலை ஐரோப்பியரின் படங்களில் 'ஓப்பீர் மலை' ஆயிற்று. அதன் அடிவாரத்தில் பொன் எடுக்கப்பட்டதும் அப்பெயருக்குத் துணைசெய்தது. சுமத்திராவிலும் ஒரு மலைக்கு இதே பெயரை இட்டனர் என்றால், அவர்தம் உறுதிப்பாட்டை நாம் அளந்துகொள்ளலாம். ஜோகூர் மாநிலத்தில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங்குக்கு மலாய் மக்கள் சொல்லும் கதையோ வேறு. மலை இளவரசியை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தானிடம் அவள் பொன்பாலமும் வெள்ளிப்பாலமும் கேட்கிறாள். ஏழு தட்டுக் கொசு இதயமும் கேட்கிறாள். முடிவில் அவன் மகனின் குருதி ஒரு கிண்ணம் வேண்டும் என்கிறாள். அவ்விடத்தில் சுல்தான் நின்றுவிடுகிறான். 'செஜாரா மெலாயு' நூலில் உள்ள இக்கதையில், பொன் மலையிலிருந்து இறங்கவில்லை. மலைக்கு ஏறவேண்டியதாக இருக்கிறது.

தமிழுக்கும் இத்தேடலில் பங்குண்டு. அரசர் நூலில் மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'துகி'. இது தமிழ் 'தோகை' என்பதன் திரிபே என்றும், எழுத்தில் பதிவான திராவிடச் சொற்களுள் இதுவே மிகப் பழையதாகலாம் என்றும் கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் எழுதினார். வாசனைக் கட்டையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லை 'அகில்' என்பதோடும் அவர் இணைத்தார். தமிழர் நெஞ்சில் இக்கருத்து ஆழப் பதிந்துவிட்டது; தமிழின் தொன்மை பேசும் மேடைகளில் 'துகி'யைக் கேளாதார் இல்லை. ஆயினும், அச்சொல் மயிலையன்றிக் குரங்கின் ஒரு வகையைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லே எனப் பிற்கால அறிஞர் சிலர் கருதினர் என்பதையும் தமிழாசிரியர் அறிந்திருத்தல் நன்று. சொல்லுறவு உண்மையானாலும் மயில் தமிழகத்திலிருந்து பல துறைமுகங்களின் வழியே போயிருக்கலாம். அதைக் கொண்டு ஓப்பீரின் இடத்தை அறுதியிட முடியாது. இயற்கை நூலறிஞர் வாலசு 1854ஆம் ஆண்டில் மலாக்காவிலிருந்து லேடாங் மலைக்கு ஏறினார். மயிலினத்துக்கு உறவாகிய அழகிய ஆர்கசு பறவையை அங்கே காண விரும்பினார். அதன் குரல் கேட்டது. பறவை கண்ணிற் படவில்லை. ஓப்பீரைத் தேடினோர் அனைவரின் கதையும் இத்தன்மையதே.

கல்வீடுகள்

போர்ச்சுகீசியர் ஓப்பீரை வேறிடத்தில் கண்டனர். கிழக்காப்பிரிக்கக் கரையில் பொன் விற்ற சொபாலாத் துறைமுகமே அது என்றனர். ஆங்கிலக் கவிஞர் மில்டனின் காப்பியத்திலும் அக்கருத்து ஏறிவிட்டது. உள்நாட்டில் சுண்ணமின்றிக் கல்லடுக்கிக் கட்டிய பெருங்கோட்டை ஒன்று உண்டு என்னும் செவிவழிச் செய்தியை ஜோவாவ் டி பாரோசு 1552ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். 1871ஆம் ஆண்டில் ஜெர்மானியர் கார்ல் மவுக் அவ்விடத்தை அடைந்தார். வாயிலின் மேலிருந்த மரத்துண்டை வெட்டி, தம் எழுதுகோலின் மரத்தோடு ஒப்பிட்டு, இது லெபனானின் கேதுரு மரமே என முடிவு செய்தார். கேதுரு எனின் சாலமன். சாலமன் எனின் சேபா நாட்டரசி! ஓர் எழுதுகோலின் மணத்திலிருந்து ஒரு பேரரசு எழுந்தது. அம்மரம் அந்நாட்டிலேயே வளர்வது என்பது பின்னரே தெளிவாயிற்று.

பெரிய சிம்பாப்வே எனப்படும் அவ்விடத்தைக் காணாமலே ஹாகார்ட் தம் கதையை எழுதினார். ஓப்பீர்க் கொள்கையைப் படைத்தவரும் அவரல்லர். ஆனால் அறிஞர் சிலரின் ஊகமாக இருந்ததை ஒவ்வோர் இல்லத்துக்கும் கொண்டு சென்றது அவர் நூல். ஐந்தாண்டு கழித்து, 1890ஆம் ஆண்டில், சிசில் ரோட்சின் குழுமத்தார் படையோடு அந்நாட்டினுள் புகுந்தபோது, சாலமனின் சுரங்கங்களைப் படித்து வளர்ந்தோர் பலர் உடன் சென்றனர். 1891இல் அகழ்ந்த தியோடர் பென்ட், கிடைத்தவை பெரும்பாலும் உள்நாட்டுப் பொருள்களாக இருந்தும், கட்டியோர் வெளியிலிருந்து வந்தவரே என்றார். ஹாகார்ட்டும் தம் பங்குக்கு, அந்நாட்டின் பழமை பற்றி 1896இல் வெளிவந்த நூல் ஒன்றுக்கு முன்னுரை எழுதினார்.

1895ஆம் ஆண்டில் நிகழ்ந்தது புதினத்தையே மிஞ்சியது. பழம்பாழிடங்களில் பொன் தேடுவதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கப்பட்டு, அதற்கு உரிமமும் வழங்கப்பட்டது. பெரிய சிம்பாப்வே மட்டும் விலக்கப்பட்டது. பிற கல்வீடுகள் பல தோண்டப்பட்டன. இறந்தோரின் அருகே கிடந்த பொன்மணிகளும் கம்பிகளும் உருக்கி விற்கப்பட்டன. எந்தக் கைவினைஞன் அவற்றை எப்படிச் செய்தான் என்று இனி யாரும் காண முடியாது. பெரிய சிம்பாப்வேக்கும் தப்புதல் கிட்டவில்லை. 1902ஆம் ஆண்டில் அதன் காப்பாளராக அமர்த்தப்பட்ட ரிச்சர்டு ஹால், பழம்பெருமக்களின் சுவடுகளை வெளிக்கொணர்வதாக எண்ணி, மேலிருந்த ஆப்பிரிக்கக் குடியிருப்பின் மண்ணடுக்குகளைப் பல அடி ஆழம் வாரி வெளியே கொட்டினார். அவர் குப்பை என்று கொட்டியதே அவ்விடத்தின் வரலாறு. தேடிய பினீசியர் அடியிலும் இல்லை. பொன் உருகியதைவிட இவ்விழப்பே பெரிது. பொன்னுக்கு விலையுண்டு, கலைந்த மண்ணடுக்கை எவ்விலைக்கும் மீண்டும் அடுக்க இயலாது.

1905இல் அங்கு அகழ்ந்த டேவிட் ராண்டால் மக்கைவர், எஞ்சிய அடுக்குகளைக் கொண்டே அவை ஆப்பிரிக்கர் கட்டியவை, இடைக்காலத்தவை என்று நிறுவினார். எதிர்ப்பு மிகுந்தது. 1929ஆம் ஆண்டில் கெர்ட்ரூட் காட்டன் தாம்சன் என்னும் அம்மையார் மீண்டும் ஆய்ந்து, அதே முடிவை ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்படுத்தினார். ஷோனா மக்களின் முன்னோர் பதினோராம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை அங்கே வாழ்ந்து கட்டினர் என்பது இன்று தெளிவு. பெருஞ்சுற்றின் வெளிமதில் ஏறத்தாழ 250 மீட்டர் சுற்றளவும் 11 மீட்டர்வரை உயரமும் உடையது. அங்கே கிடைத்த சீனப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் சாலமனைக் காட்டவில்லை. இந்தியப் பெருங்கடல் வாணிகத்தைக் காட்டின. ஹாகார்ட் தேடியதற்கு மிக நெருங்கிய பொன் 1930களின் தொடக்கத்தில் லிம்போப்போ ஆற்றங்கரையிலுள்ள மாப்புங்குப்வே குன்றில் கிடைத்தது. பொன்தகட்டாலான சிறு காண்டாமிருகம் அவற்றுள் புகழ்பெற்றது. அதைச் செய்தவரும் ஆப்பிரிக்கரே.

இருந்தும் பழைய கதை எளிதில் மாயவில்லை. 1965ஆம் ஆண்டில் வெள்ளையர் சிறுபான்மை அரசு தானே விடுதலை அறிவித்துக்கொண்டபின், கட்டியோர் ஆப்பிரிக்கர் என்று வெளிப்படையாக எழுதுவது அரசுக்கு உவப்பற்றதாயிற்று. தொல்லிடங்களின் ஆய்வாளராக இருந்த பீட்டர் கார்லேக்கு 1970இல் நாட்டைவிட்டு வெளியேறினார். 1980இல் விடுதலை பெற்ற நாடு அக்கல்வீடுகளின் பெயரையே தன் பெயராகக் கொண்டது.

அங்கே நின்ற மாக்கல் பறவைகளுள் ஒன்றை வேட்டைக்காரர் ஒருவர் 1889இல் பெயர்த்தெடுத்து ரோட்சுக்கு விற்றார். மற்றவற்றுள் பலவும் நாட்டைவிட்டுப் போயின. அப்பறவை இன்று சிம்பாப்வேயின் கொடியில் உள்ளது. கேப் டவுன் அருங்காட்சியகம் வைத்திருந்தவை 1981இல் திரும்பின. இலவசமாக அன்று; சிம்பாப்வே அதற்கு ஈடாகத் தன்னிடமிருந்த குளவி, தேனீ முதலியவற்றின் பெரிய தொகுப்பைக் கொடுத்தது. மற்றொரு பறவையின் கீழ்ப்பகுதி மட்டும் 1907ஆம் ஆண்டில் பெர்லின் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அது சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் ஜெர்மனிக்கே மீண்டது. 2003ஆம் ஆண்டில் சிம்பாப்வேயை அடைந்து, பறவையின் மேற்பகுதியோடு அது சேர்க்கப்பட்டது.